ஆறு மாதம்கூட நிற்காத ஊருக்கு இவ்வளவு அழகான படமா? (டெக்சாஸ், 1818)

#1 திரைகடலோடி

நண்பர்களுக்கு வணக்கம். வரலாறு தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவ வேண்டும்.

ஹூஸ்டனில் ஒரு பழம்பொருள் கடையில் பிரெஞ்சுப் படம் ஒன்று விலைக்கு இருக்கிறது. தகட்டில் செதுக்கி அச்சடித்து, மேலே கையால் வண்ணம் தீட்டியது என்கிறார் கடைக்காரர். பட்டாளத்து உடுப்பில் ஆட்கள். சிலர் மரம் வெட்டுகிறார்கள், சிலர் கட்டை தூக்குகிறார்கள், நடுவில் அதிகாரி மாதிரி ஒருவர் கையை நீட்டி ஏதோ காட்டுகிறார். வீடுகள் கச்சிதமாக எழும்பிக்கொண்டிருக்கின்றன. பின்னால் மேடும் குன்றும். ஒருவர் சட்டையிலும் அழுக்கு இல்லை, பொத்தான்கூடக் கழற்றவில்லை.

கீழே பிரெஞ்சில் எழுதியிருப்பதைக் கைபேசியில் போட்டுப் பார்த்தால் 'எக்ல்வில், டெக்சாஸ் குடியேற்றம் அல்லது ஷான் தஸில், முதல் காட்சி' என்று வருகிறது. நெப்போலியனின் வீரர்கள் டிரினிட்டி ஆற்றங்கரையில் அமைத்த ஊராம். அந்தப் பக்கம் லிபர்ட்டி வழியாகப் போயிருக்கிறேன். தட்டைத் தரை, சதுப்பு, சைப்ரஸ் மரம். குன்று எங்கிருந்து வந்தது? இப்படி ஒரு ஊர் உண்மையிலேயே இருந்ததா? இருந்தால் ஏன் யாருக்கும் தெரியவில்லை?

#2 வில்லியனூரார்

தம்பி, ஊர் இருந்தது. 1818 மார்ச்சில் போய் இறங்கினார்கள், ஜூலை முடிவதற்குள் காலி செய்துவிட்டார்கள்.

ஷான் தஸில் என்றால் அடைக்கல நிலம். 1815-ல் வாட்டர்லூவில் நெப்போலியன் தோற்றதும் பதினெட்டாம் லூயி திரும்ப வந்து உட்கார்ந்தார். நெப்போலியன் பக்கம் நின்ற தளபதிகள் பெயரைப் பட்டியல் போட்டு, விசாரணை, மரண தண்டனை என்று அறிவித்தார்கள். அந்தப் பட்டியலில் லாலமான் சகோதரர்கள் இருவரும் உண்டு. மூத்தவர் சார்ல் லாலமான் நெப்போலியனோடு செயின்ட் ஹெலினாவுக்கே போகத் தயாராக இருந்தவர். ஆங்கிலேயர்கள் அனுமதிக்காமல் மால்டாவில் அடைத்து வைத்தார்கள். வெளியே வந்து கிழக்கு நாடுகளில் அலைந்துவிட்டு 1817-ல் அமெரிக்கா சேர்ந்தார்.

அமெரிக்காவில் அப்போது பிரெஞ்சு அகதிகளுக்காக ஒரு நல்ல ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. 1817 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றம் அலபாமாவில் 92,160 ஏக்கர் ஒதுக்கியது. ஏக்கருக்கு 2 டாலர், 14 வருடத் தவணை. பதிலுக்குத் திராட்சையும் ஆலிவும் பயிரிட வேண்டும். அங்கே அவர்கள் எழுப்பிய ஊர்களில் ஒன்றின் பெயர்தான் எக்ல்வில். எனவே உங்கள் படத்தில் எழுதியிருப்பதே குழப்பம். அலபாமா ஊரின் பெயரைத் தூக்கி டெக்சாஸில் வைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே மிசிசிப்பி ஆறும் லூசியானா முழுவதும் கிடக்கின்றன.

லாலமானுக்குத் திராட்சையில் நாட்டமில்லை. தன்னோடு சேர்ந்தவர்களின் அலபாமா பங்கை விற்றுப் பணமாக்கி, டெக்சாஸ் போகக் கப்பல் ஏற்பாடு செய்தார். 1817 டிசம்பரில் தளபதி ரிகோ தலைமையில் முதல் கூட்டம் பிலடெல்பியாவிலிருந்து கிளம்பியது. ரிகோவுக்கு அப்போது ஏறக்குறைய 60 வயது. மகனையும் மகளையும் கூடவே கூட்டிப்போனார். ஜனவரியில் கால்வெஸ்டன் தீவில் இறங்கி, குளிரில் குடிசை போட்டுக் காத்திருந்தார்கள். மார்ச்சில் லாலமான் வந்து சேர்ந்ததும் ஆற்றில் மேலே போனார்கள். மொத்தம் சுமார் 150 பேர். எண்ணிக்கையை ஆளுக்கு ஆள் கூட்டியும் குறைத்தும் சொல்வார்கள்.

#3 அரைப்படி

இதை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று யோசித்தேன். நம்ம ஊர் மனைப்பிரிவு விளம்பரம்! ஏரிக்குள் கல் நட்டுவிட்டு, துண்டுப் பிரசுரத்தில் வளைவு, நீரூற்று, சைக்கிள் ஓட்டும் குழந்தை, பின்னால் கொடைக்கானல் மலை. 'பேருந்து நிலையத்திலிருந்து பத்தே நிமிடம்' என்று மட்டும்தான் போடவில்லை.

பாரிஸில் படம் அச்சடித்தவன் எத்தனை பேரை ஏமாற்றி டெக்சாஸுக்குக் கப்பல் ஏற்றினானோ!

#4 கோட்டைமேடு

அரைப்படி அண்ணே, சிரிப்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் படத்தைப் பார்த்து யாரும் கப்பல் ஏறவில்லை. போனவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே அமெரிக்காவில் இருந்த அகதிகள். படம் வருவதற்குள் ஊரே கலைந்துவிட்டது.

எனக்கு இதில் வேறொரு விஷயம் இடிக்கிறது. படத்தில் கோடாரியும் கட்டையும்தான். ஆனால் அங்கே போனவர்கள் முதலில் கட்டியது கோட்டைகள். சார்ல் கோட்டை, ஆன்ரி கோட்டை, நடுக்கோட்டை என்று பெயர் வைத்து, அவற்றோடு ஒரு காவலரணும் எழுப்பி, எட்டுப் பீரங்கிகளை ஏற்றி நிறுத்தினார்கள். ஆட்களைக் கோஷ்டிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் அதிகாரி, காலையும் மாலையும் கவாத்து. விதைப்பதற்கான மாதங்கள் மார்ச், ஏப்ரல். அந்த மாதங்களில் மண் வெட்டியது அரண் கட்ட.

மே மாதம் லாலமான் ஓர் அறிக்கை விட்டார். நாங்கள் உழைத்துச் சாப்பிட வந்தவர்கள், யாரோடும் சண்டை இல்லை, தாக்கினால் மட்டும் தற்காத்துக்கொள்வோம் என்கிற பாணியில். எட்டுப் பீரங்கியை வைத்துக்கொண்டு எழுதிய அறிக்கை.

#5 மஞ்சணத்தி

இந்த இழைக்கு நான் கொஞ்சம் உரிமை எடுத்துக்கொள்கிறேன். பழைய காகிதம், அச்சுப்படம் இவற்றைச் செப்பனிடுவதுதான் என் பிழைப்பு.

1815 நவம்பரில் பிரான்சில் ஒரு சட்டம் வந்தது. அரசருக்கு எதிரான கூச்சல், எழுத்து, படம், கொடி எல்லாவற்றுக்கும் தண்டனை. நெப்போலியன் முகத்தையோ அவர் கழுகையோ கடை வாசலில் தொங்கவிட்டால் மாட்டிக்கொள்வீர்கள். ஆனால் வாங்க ஆள் இருக்கிறார்கள். அரைச் சம்பளத்தில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட அதிகாரிகளே ஆயிரக்கணக்கில். அவர்கள் குடும்பம், நண்பர்கள், காப்பிக்கடைக் கூட்டாளிகள் எல்லோரும் சேர்ந்தால் நல்ல சந்தை.

அவர்களுக்கு எதை விற்பது? நெப்போலியனை வரைய முடியாது. நெப்போலியனின் வீரன் தூர தேசத்தில் மரம் வெட்டுவதை வரையலாம். அதில் குற்றம் கண்டுபிடிக்கப் போலீசுக்கு வழியில்லை. கழுகை வரையக்கூடாது, ஆனால் 'எக்ல்வில்' என்று ஊர்ப்பெயர் போடலாம். எக்ல் என்றாலே கழுகுதான். டெக்சாஸ் படத்தில் அலபாமா ஊரின் பெயர் வந்ததற்கு இந்தக் கவர்ச்சிதான் காரணம் என்பது என் ஊகம். பாரிஸ் கடைக்காரனுக்குப் புவியியல் அவ்வளவு முக்கியமில்லை.

கல்லச்சும் அப்போதுதான் பாரிஸில் கால் ஊன்றியது. எங்கெல்மன், லாஸ்தேரி இருவரும் 1816-ல் கடை போட்டார்கள். செப்புத் தகட்டில் மாதக்கணக்கில் செதுக்குவதைக் கல்லில் சில நாட்களில் முடித்துவிடலாம். சூடான செய்தி ஆறுவதற்குள் படம் தயார். ஷான் தஸில் பற்றி ஒன்றல்ல, பல படங்கள் வந்தன. 'அங்கே வாகை மட்டுமே பயிரிடாமல் வளரும்' என்ற பொருளில் தலைப்பிட்ட கல்லச்சுப் படம் ஒன்று உண்டு.

பார்த்துச் சொல்லுங்கள், திரைகடலோடி: படத்தின் கீழ்விளிம்பில், தலைப்புக்கும் கோட்டுக்கும் நடுவே, எறும்பு அளவு எழுத்தில் ஏதாவது பெயர் இருக்கிறதா? வரைந்தவர், செதுக்கியவர் பெயர்கள் அங்கேதான் இருக்கும்.

#6 திரைகடலோடி

இன்று மறுபடி கடைக்குப் போய்ப் பூதக்கண்ணாடி வாங்கிப் பார்த்தேன். 'யெரென்ராக்' என்று படிக்க முடிகிறது. போலந்துக்காரரோ? இணையத்தில் தேடினால் அப்படி ஒரு ஓவியர் வாழ்க்கைக் குறிப்பே இல்லை.

#7 வில்லியனூரார்

தம்பி, அந்தப் பிரெஞ்சு எழுத்துகளைப் பின்னாலிருந்து முன்னால் படியுங்கள். கார்னரே!

லூயி கார்னரே. கடல் ஓவியத்தில் பெரிய பெயர். 13 வயதில் கப்பலேறியவர். கப்பல் கொள்ளையில் பேர்போன சுர்கூஃபின் ஆளாக நம் வங்கக் கடலிலேயே சுற்றியவர். 1800-ல் 'கென்ட்' என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலைச் சுர்கூஃப் பிடித்தாரே, அந்தச் சண்டையில் இருந்ததாகச் சொல்லிக்கொண்டவர். பிற்பாடு அதையே பெரிய ஓவியமாகவும் தீட்டினார். 1806-ல் ஆங்கிலேயரிடம் சிக்கி, போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் பாய்மரம் கழற்றிய கப்பல் சிறைகளில் எட்டு வருடம் கிடந்தார். 1814-ல்தான் விடுதலை.

அதனால் தோற்றுப்போன வீரர்கள் மேல் அவருக்கு ஈரம் இருந்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் டெக்சாஸை அவர் கண்ணால் கண்டதில்லை. பெயரை ஏன் திருப்பிப் போட்டார் என்பதற்கு ஆளுக்கு ஒரு காரணம் சொல்லலாம். போலீஸ் பயம் என்றால் இவ்வளவு எளிய புதிர் எந்தப் போலீசையும் நிறுத்தாது. வரைந்ததும் செதுக்கியதும் ஒரே ஆள் என்பதை மறைக்க ஒரு குறும்பாகவும் இருக்கலாம்.

#8 செங்கமலம்

இவ்வளவு பேசுகிறோம், அந்த இடத்தில் ஏற்கெனவே இருந்தவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை.

லாலமானின் அறிக்கையில் அந்த நிலம் ஏதோ ஆளில்லாமல் கிடந்த மாதிரியும், வேட்டைக்கு வந்துபோகும் பழங்குடிகளைத் தவிர யாரும் இல்லாத மாதிரியும் வருகிறது. டிரினிட்டியின் கீழ்ப்பகுதி அகோகிசா மக்களின் இடம். ஆற்றில் மேலே கூஷாட்டா மக்களின் கிராமங்கள் இருந்தன. அவர்களே கிழக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்து குடியேறியவர்கள்தான்.

கூஷாட்டாவைச் சொல்லக் காரணம் இருக்கிறது. போனவர்களில் ஹார்ட்மன், மிலார் என்ற இருவர் பாரிஸ் திரும்பி 1819-லேயே புத்தகம் எழுதினார்கள். அதில் வருவது இது. கால்வெஸ்டனிலிருந்து கிளம்பும்போது சாமான், உணவு எல்லாம் படகில், ஒரு கூட்டம் கரை வழியாக நடை. படகுகள் வழி தெரியாமல் நாள்கணக்கில் எங்கெங்கோ சுற்றின. நடந்து வந்தவர்கள் பசி தாங்காமல், கீரை மாதிரி தழைத்துக் கிடந்த ஒரு செடியைப் பறித்து வேகவைத்துச் சாப்பிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் கூட்டமே சுருண்டு விழுந்தது. வலிப்பு, வாந்தி, நினைவு தப்பியவர்கள். மருத்துவரிடம் இருந்த மருந்துப் பெட்டியும் படகோடு போய்விட்டது. அந்த வழியாக வந்த ஒரு கூஷாட்டா மனிதர் மிச்சம் கிடந்த கீரையைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். காட்டுக்குள் ஓடி வேறு மூலிகை கொண்டுவந்து காய்ச்சிக் கொடுத்தார். பிழைத்தார்கள்.

ஐரோப்பாவையே கலக்கிய பட்டாளம், கீரை தெரியாமல் சாகக் கிடந்தது. வாகையோடு வரைந்தவர்கள் இந்தக் கீரையையும் ஒரு படத்தில் வரைந்திருக்கலாம்.

பெரான்ஷே அந்த நேரத்தில் ஷான் தஸில் பற்றி ஒரு பாட்டு எழுதினார், பிரான்ஸ் முழுக்கப் பாடினார்கள். அதில் அகதிகளின் தலைவன் பழங்குடிகளிடம் அடைக்கலம் கேட்கிறான். எங்கள் புகழுக்காக இரக்கம் காட்டுங்கள் என்று. யாருடைய புகழ், யாரிடம் போய்ச் சொல்வது? அந்த மனிதருக்கு நெப்போலியன் யார் என்று தெரிந்திருக்குமா? மூலிகை கொடுக்க அது தேவைப்படவும் இல்லை.

#9 அரைப்படி

செங்கமலம் அக்கா சொன்ன கீரைக் கதையை இரண்டு தடவை படித்தேன். எங்கள் ஆத்தா இருந்திருந்தால் பார்த்தவுடனே சொல்லியிருக்கும்.

சரி, காசு விஷயத்துக்கு வருகிறேன். படம் விற்றான், பாட்டு விற்றான், புத்தகம் விற்றான். 1819-ல் நாவல்கூட வந்துவிட்டதாம், டெக்சாஸில் நடக்கும் முதல் நாவலே அதுதான் என்கிறார்கள். நன்கொடையும் வாங்கினார்கள் என்று படித்தேன். அது எவ்வளவு, யார் கைக்குப் போனது? நான் சொன்ன மனை விளம்பரம் பொருந்தவில்லை என்று கோட்டைமேடு சொன்னார். ஆனால் எங்கோ ஒருவன் சட்டைப்பை நிறைந்திருக்கிறதே.

#10 வில்லியனூரார்

நன்கொடை திரட்டியது 'லா மினெர்வ் பிரான்சேஸ்' என்ற பத்திரிகை. பெஞ்சமின் கோன்ஸ்தான் போன்றவர்கள் எழுதிய தாராளவாத ஏடு. கொடுத்தவர்கள் பட்டியலையும் தொகையையும் வெளியிட்டுக்கொண்டே வந்தார்கள். 1819 ஜூலையில் கணக்கை மூடும்போது கிட்டத்தட்ட 95,000 ஃபிராங்க் சேர்ந்திருந்தது. அன்றைக்குச் சின்னத் தொகை இல்லை.

இதில் தேதிகளைக் கவனியுங்கள். லாலமானின் மே மாத அறிக்கை கடல் தாண்டிப் பாரிஸ் வந்து சேரவே கோடை ஆகிவிட்டது. பத்திரிகையில் உற்சாகம் சூடுபிடித்த அதே வாரங்களில் டிரினிட்டிக் கரையில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். 95,000 ஃபிராங்க் சேர்ந்து முடிந்தபோது ஊர் கலைந்து ஒரு வருடம். கொடுத்தவர்களை யாரும் வேண்டுமென்று ஏமாற்றவில்லை. கடல் அகலம் அப்படி.

கொடுத்தவர்களும் அதற்காக மட்டும் கொடுத்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. பட்டியலில் தன் பெயர் அச்சாகி வருவதே ஓர் அரசியல் செயல். ஊர்வலம் போக முடியாத காலத்தில், அரசருக்குப் பிடிக்காத ஒரு காரியத்துக்கு நான் ஐந்து ஃபிராங்க் கொடுத்தேன் என்று ஊரறியச் சொல்லலாம். படத்தை வாங்கிச் சுவரில் மாட்டியதும் அதே கணக்கில்தான் வரும்.

#11 கோட்டைமேடு

ஐயா சொன்ன தேதிகளுக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று நான் சொல்கிறேன்.

டெக்சாஸ் அப்போது ஸ்பெயினுக்கு. அமெரிக்காவும் அதற்கு ஒரு பாத்தியதை பேசிக்கொண்டிருந்தது. இரண்டு நாடுகளும் எல்லையைப் பற்றி மேசையில் உட்கார்ந்து பேசும் நேரத்தில், நடுவில் போய்ப் பிரெஞ்சுத் தளபதிகள் பீரங்கி நட்டார்கள். ஸ்பெயினுக்குக் கோபம். அமெரிக்காவுக்கும் சங்கடம். வெளியுறவுச் செயலர் ஜான் குவின்சி ஆடம்ஸ் பக்கத்திலிருந்து ஜார்ஜ் கிரகாம் என்பவரை விசாரிக்க அனுப்பினார்கள்.

இதைவிட ருசியான விஷயம் கால்வெஸ்டனில் இவர்களுக்குச் சோறு போட்டவர். கடற்கொள்ளையர் ஜான் லஃபீத். தீவே அவர் கையில். படகு, உணவு, உதவி எல்லாம் அவரிடமிருந்துதான் வந்தன. அதே லஃபீத்தும் அண்ணன் பியேரும் ஸ்பெயினுக்கு உளவு சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஸ்பானியக் கடிதங்களில் அவர்களுக்கு 'எண் 13' என்று மறைபெயர். கோட்டைக்குள் எத்தனை பேர், எத்தனை பீரங்கி என்ற கணக்கு ஸ்பானியர் கைக்குப் போவதைத் தடுக்க வழியே இல்லை.

ஜூலையில் சான் அந்தோனியோவிலிருந்து ஸ்பானியப் படை வருகிறது என்ற செய்தி வந்தது. கையில் உணவு குறைவு, வெயில், காய்ச்சல், கொசு. ஏற்கெனவே சிலர் ஓடிவிட்டார்கள். கோட்டை, பீரங்கி எல்லாம் இருந்தும் ஒரு குண்டுகூடச் சுடாமல் கால்வெஸ்டனுக்கு இறங்கிவிட்டார்கள். காஸ்தன்யேதா என்ற கேப்டன் வந்து பார்த்தபோது யாருமில்லை. இருந்ததை இடித்துத் தள்ளிவிட்டுப் போனார்.

கால்வெஸ்டனிலும் நிம்மதி இல்லை. செப்டம்பரில் புயல் அடித்துத் தீவை வாரிக்கொண்டு போயிற்று. பிழைத்தவர்கள் கிடைத்த வழியில் நியூ ஆர்லியன்ஸ் போய்ச் சேர்ந்தார்கள். கிழவர் ரிகோ 1820-ல் அங்கேயே இறந்தார். 1819 பிப்ரவரியில் அமெரிக்காவும் ஸ்பெயினும் எல்லை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, டெக்சாஸ் மீதான உரிமையை அமெரிக்கா விட்டுக்கொடுத்தது. இவர்களைக் கேட்க ஆளில்லை.

#12 திரைகடலோடி

இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவே இல்லை. ஒரு கேள்வி. விவசாயம் இல்லையென்றால் எதற்காகப் போனார்கள்? செயின்ட் ஹெலினாவிலிருந்து நெப்போலியனை மீட்டு இங்கே கொண்டுவரத் திட்டம் என்று கடைக்காரர் அடித்துச் சொல்கிறார். அதைச் சொல்லித்தான் விலையையும் ஏற்றுகிறார்!

#13 கோட்டைமேடு

அந்த வதந்தி அன்றைக்கே உண்டு. நெப்போலியனின் அண்ணன் ஜோசப் அப்போது நியூஜெர்சியில் மாளிகை கட்டிக் குடியிருந்தார். அவரை மெக்சிகோவுக்கு அரசராக்கப் போகிறார்கள் என்று பிரெஞ்சுத் தூதர் பயந்துபோய் அமெரிக்க அரசிடம் காகிதங்களைக் கொடுத்தார். ஜோசப் எதற்கும் பிடி கொடுக்கவில்லை. அவருக்கு வசதியான வாழ்க்கை, நல்ல தோட்டம்.

என் கணிப்பு இது: லாலமானிடம் ஒரே திட்டம் இருக்கவில்லை. மெக்சிகோவில் ஸ்பெயினுக்கு எதிராகப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. அருகில் ஒரு ஆயுதக் கூட்டத்தோடு காத்திருந்தால் யாராவது கூலிக்கு அழைப்பார்கள் என்று எதிர்பார்த்திருக்கலாம். சண்டை தவிர வேறு தொழில் தெரியாத ஆள் சண்டை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்வது இயல்புதானே. பிற்பாடு ஸ்பெயின், கிரேக்க விவகாரம் என்று எங்கெல்லாம் அடிதடியோ அங்கெல்லாம் அவர் பெயர் அடிபடுகிறது.

நெப்போலியனின் மற்ற அதிகாரிகளோடு ஒப்பிட்டால் இது விளங்கும். அலார், வென்த்தூரா என்ற இருவர் 1822-ல் லாகூர் போய் ரஞ்சித் சிங்கிடம் வேலை கேட்டார்கள். அங்கே ஏற்கெனவே ஓர் அரசு, ஒரு கஜானா, மாதச் சம்பளம். சீக்கியப் படைக்கு ஐரோப்பியக் கவாத்து சொல்லிக்கொடுத்துப் பெரிய ஆள் ஆனார்கள். லாலமானுக்கு ரஞ்சித் சிங் கிடைக்கவில்லை. கிடைத்தது லஃபீத்.

#14 செங்கமலம்

கோட்டைமேடு, லாலமானை நீங்கள் ரொம்பத்தான் தாங்குகிறீர்கள். அலபாமாவில் கூட இருந்தவர்கள் பங்கை விற்கவைத்து, அந்தப் பணத்தில் 150 பேரைக் கீரை தின்னக் கூட்டிப்போனவர். 1830 புரட்சிக்குப் பிறகு பிரான்ஸ் திரும்பி, மேலவை உறுப்பினர் பதவியோடு 1839-ல் நிம்மதியாகச் செத்தார். நெப்போலியன் உயிலில் அவருக்கு 1,00,000 ஃபிராங்க் எழுதி வைத்திருந்தார். மினெர்வ் பத்திரிகை ஊரெல்லாம் திரட்டியதைவிட அதிகம். கூடப் போனவர்களில் பாதிப்பேர் என்ன ஆனார்கள் என்று தடம் கிடைப்பதே கஷ்டம்.

#15 கோட்டைமேடு

தாங்கவில்லை அக்கா. கூட்டிப்போன விதம் மோசம் என்பதில் எனக்கும் உங்களுக்கும் சண்டை இல்லை. அவரைப் பெரிய சதிகாரர் ஆக்குவதைத்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவ்வளவு திறமை இருந்திருந்தால் முதலில் சோற்றுக்கு வழி செய்திருப்பார்.

#16 மஞ்சணத்தி

திரைகடலோடி, வாங்குவதாக இருந்தால் இதையெல்லாம் பாருங்கள். கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றச் சொல்லுங்கள். கழற்ற மாட்டேன் என்றால் அப்போதே கிளம்பிவிடுங்கள்.

படத்தைச் சுற்றி நாலு பக்கமும் தகடு அழுத்திய பள்ளம் இருக்கும். விரல் நுனியால் மெல்லத் தடவினால் தெரியும். ஓரத்தை வெட்டிய பிரதிகளில் அது போயிருக்கலாம், அதை வைத்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம். பிறகு பூதக்கண்ணாடியை வானத்தின் மேல் வையுங்கள். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் அது நம் காலத்து இயந்திர அச்சு, சட்டத்துக்கு மட்டும் காசு கொடுங்கள். கையால் பூசிய வண்ணம் கோட்டை மதிக்காது. எங்காவது ஒரு கால்சட்டைச் சிவப்பு பக்கத்து மரத்தில் வழிந்திருக்கும். அந்த வேலையை அன்றைக்குப் பெண்களும் சிறுவர்களும் வரிசையாக உட்கார்ந்து செய்தார்கள், ஆளுக்கு ஒரு நிறம், படத்துக்கு இவ்வளவு என்று கூலி. இந்தக் கதையில் உண்மையிலேயே உட்கார்ந்து உழைத்துச் சம்பாதித்தவர்கள் அவர்கள்தான் என்று எனக்குத் தோன்றும்.

காகிதத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நீர்க்குறி உண்டா என்றும் பாருங்கள். நெப்போலியன் மீட்புக் கதைக்குத் தனி விலை கொடுக்க வேண்டாம்.

குன்றைப் பற்றிக் கேட்டீர்களே. தட்டை நிலத்தை வரைந்தால் படத்தின் மேல்பாதி வெறும் வானமாகப் போய்விடும். அன்றைய பயிற்சிப்படி முன்னால் மரம், நடுவில் ஆட்கள், பின்னால் மேடு என்று மூன்று அடுக்கு வேண்டும். பாரிஸ் பட்டறையில் எந்த ஊரை வரைந்தாலும் அந்த மேடு வந்துவிடும். ஒராஸ் வெர்னே 1820-ல் 'உழவனான சிப்பாய்' என்று வரைந்த ஓவியத்துக்குப் பிறகு இந்த மாதிரிச் சிப்பாய்-உழவர் படங்கள் தட்டுகளிலும் பெட்டிகளிலும்கூட ஏறின. அதில் உழவன் நின்றது பிரான்சிலேயே. டெக்சாஸ் தேவைப்படவில்லை.

#17 நெறியாளர்

விலை பேரம், கடை பெயர் ஆகியவற்றைப் பொதுவில் போட வேண்டாம். நெப்போலியன் நல்லவரா கெட்டவரா என்பதற்குத் தனி இழை ஏற்கெனவே ஓடுகிறது, அங்கே போகவும்.

#18 பியூமான்ட்வாசி

தாமதமாக வருகிறேன். நான் இருப்பது அந்த இடத்திலிருந்து ஒரு மணி நேரக் காரோட்டம்.

கோட்டைகள் இருந்த சரியான இடம் எது என்பதில் ஆளுக்கு ஒரு கருத்து. மாஸ் பிளஃப் பக்கம் என்பதுதான் பரவலாகச் சொல்வது. ஆறு போக்கை மாற்றிக்கொண்டே இருப்பது, வெள்ளம், வண்டல் என்று பல காரணம். கரையில் பெரும்பகுதி தனியார் நிலம், கேட்காமல் உள்ளே போனால் வம்பு.

லிபர்ட்டிக்கு வெளியே சாம் ஹூஸ்டன் பெயரில் மாநில அரசின் நூலகமும் ஆவணக் காப்பகமும் இருக்கிறது. தென்கிழக்கு டெக்சாஸின் பழைய பத்திரங்கள், வரைபடங்கள் அங்கேதான். லஃபீத் எழுதியதாகச் சொல்லப்படும் நாட்குறிப்பும் அங்கே உண்டு. அது அசலா போலியா என்று இன்றுவரை அடித்துக்கொள்கிறார்கள், பலர் போலி என்கிறார்கள். போகுமுன் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள், வார இறுதியில் திறந்திருக்கும் என்று நம்ப வேண்டாம்.

ஆற்றையும் பார்க்க நினைத்தால் ஜனவரி, பிப்ரவரியில் வாருங்கள். ஜூலையில் வந்தால் லாலமான் ஏன் கிளம்பினார் என்பதற்கு ஸ்பானியப் படை தேவையில்லை, கொசுவே சொல்லிவிடும். முழுக்கைச் சட்டை, முழங்கால் வரை பூட்ஸ். தண்ணீர் ஓரம் கட்டை மாதிரி ஏதாவது கிடந்தால் அது முதலையா என்று பார்த்துவிட்டுக் காலை வையுங்கள்.